விருந்தினர் படகுகளுக்கு முன் எங்கள் கடல்வழி சீராகட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் கிழக்குக் கரையோர நீர்வழியில் படகையே வீடாக்கிக்கொண்டு, குளிர்காலத்துக்கு முன் தெற்கு நோக்கிச் செல்லும் மக்களைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். அவ்வாறான படகுகளை யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் வரவழைத்தால் தீவகத்தில் வருமானம் பெருகும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். கப்பல்களின் எஞ்சின் அறைகளில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பின், ரொறன்ரோவில் வசிக்கும் என் மருமகனின் பாய்ப்படகில் அந்த நீர்வழியின் பெரும்பகுதியைக் கடந்து சென்றவன் நான். கட்டுரையாளரின் ஆசை எனக்கும் உண்டு. எதை முதலில் செய்வது என்பதில்தான் அவரோடு உடன்பட முடியவில்லை. அங்கே படகுகள் வந்ததால் நீர்வழி உண்டாகவில்லை. வேறு தேவைகளுக்காக வெட்டி, ஆழப்படுத்தி, குறியிட்டு, இன்றுவரை பணம் செலவழித்துக் காத்துவரும் வழி ஒன்று இருந்ததால், பொழுதுபோக்குப் படகுகள் பின்னால் வந்து சேர்ந்தன.

அந்த வழி வேர்ஜினியா மாநிலத்தின் நோர்போக் துறைமுகத்தில் பூச்சிய மைலில் தொடங்கி, வட கரோலைனா, தென் கரோலைனா, ஜோர்ஜியா ஆகியவற்றைக் கடந்து புளோரிடாவுக்குச் செல்கிறது. மியாமி வரை ஏறத்தாழ 1,100 மைல். கடலில் எல்லாரும் கடல்மைலில் கணக்கிட, இங்கே மட்டும் தரைமைலில் கணக்கிடுவது கப்பல்காரனுக்கு முதலில் எரிச்சலூட்டும். இரண்டு நாளில் பழகிவிடும். இது ஒரே கால்வாய் அன்று. கரைக்கு வெளியே நீண்டு கிடக்கும் மணல் தீவுகளுக்குப் பின்னால் உள்ள பரவைக்கடல்களையும், ஆறுகளையும், சதுப்பு ஓடைகளையும் வெட்டுக்கால்வாய்களால் தொடுத்த வழி. வட கரோலைனாவின் ஹற்றராஸ் முனையை வெளிக்கடலில் சுற்றிச் சென்ற கப்பல்கள் எண்ணற்றவை மூழ்கியதால், உள்ளே ஒரு பாதுகாப்பான வழி வேண்டும் என்ற எண்ணம் பழையது. நிதிச் செயலாளராக இருந்த அல்பேர்ட் கலற்றின் 1808 ஆம் ஆண்டிலேயே அதற்கான திட்டத்தைத் தம் அறிக்கையில் வைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் அக்கரைக்கு அண்மையிலேயே சரக்குக் கப்பல்களைத் தாக்கியபோது அதன் பயன் எல்லாருக்கும் விளங்கிற்று. அந்த வழியின் மிகப் பழைய பகுதியான டிஸ்மல் சதுப்புக் கால்வாய் 1793 இல் தொடங்கி 1805 இல் திறக்கப்பட்டது. இடுப்பளவு சேற்றில் நின்று அதை வெட்டியவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். தேயிலைச் சாயம் போன்ற நிறத்தில் கிடக்கும் அந்த நீரின் இரு கரையிலும் மரங்கள் கவிந்திருக்கும் அழகைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையாளர், வெட்டிய கைகளையும் ஒரு வரியில் நினைவுகூர்ந்திருக்கலாம்.

படகில் வாழும் வாழ்க்கையைக் கட்டுரை விடுமுறைக் களியாட்டம் போலக் காட்டுகிறது. உண்மையில் அது ஒழுங்கான, சற்றுச் சலிப்பான, ஓயாத வேலை. பாய்ப்படகாயினும் ஒடுங்கிய கால்வாயில் பாயை விரிக்க இடமும் காற்றும் ஒருங்கே கிடைப்பது அரிது என்பதால், பெரும்பாலும் டீசல் எஞ்சினில்தான் பயணம். மணிக்கு ஆறு ஏழு மைல், விடிந்தது முதல் பொழுது சாயும் வரை சுக்கான் பிடித்தால் ஒரு நாளில் ஐம்பது மைல். காலையில் எஞ்சின் எண்ணெய், பட்டி, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்காமல் நங்கூரம் எடுப்பதில்லை. சதுப்பு ஓடைகளில் அள்ளுப்படும் புல்லும் சேறும் அந்த வடிகட்டியை அடைத்துவிடும். நீர்த்தாங்கியில் உள்ளதைக் கொண்டே குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் வேண்டும். ஐப்பசி மாதக் குளிரில் படுக்கையின் அடிப்பக்கமெல்லாம் ஈரம் கசிந்து பூஞ்சணம் பிடிக்கும். குளிர்ப்பெட்டி பற்றரியைக் குடித்துவிடுவதால் கூரைமேல் சூரியத்தகடு வைத்திருந்தும் கணக்குப் பார்த்தே மின்விளக்கு எரிப்பார்கள். அரிசி, மரக்கறி வாங்குவதற்குச் சிறு தோணியை இறக்கி, கரையில் கட்டி, கடையைத் தேடி நடந்து, பைகளைச் சுமந்துகொண்டு திரும்புவதற்குள் அரை நாள் போய்விடும்.

இரவில் நங்கூரமிடுவது தனிக் கலை. ஆழத்தோடு நீர்மட்டத்துக்கு மேல் படகின் முன்முனையான அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதன் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளத்துக்குச் சங்கிலியும் கயிறும் விடவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். ஜோர்ஜியாவில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே 7 முதல் 9 அடி வரை வேறுபாடு உண்டு. பெருக்கில் போட்ட நங்கூரத்தை வற்றையும் எண்ணிப் போடாவிட்டால் விடியுமுன் படகு சேற்றில் சாய்ந்து கிடக்கும். நீரோட்டம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்புவதால் படகும் முழுதாகச் சுற்றும். பக்கத்தில் நிற்கும் படகு எவ்வளவு கயிறு விட்டிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். நம் கடனீரேரியின் வற்றும் பெருக்கும் முழங்கால் அளவுதான். அதனால் இங்கே இடர் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது: பெருக்குக் குறைவான இடத்தில் தரைதட்டிய படகைத் தூக்கிவிட அடுத்த பெருக்கும் உதவாது.

ஏன் இவ்வளவு சிரமப்பட்டுத் தெற்கே போகிறார்கள் என்றால் ஒரு பக்கம் பனியும் மறுபக்கம் சூறாவளியும் அவர்களை நெருக்குகின்றன. அத்திலாந்திக்கில் சூறாவளிக் காலம் யூன் 1 இலிருந்து நவம்பர் 30 வரை. குறித்த அகலக்கோட்டுக்குத் தெற்கே நவம்பர் தொடங்குமுன் போகக் கூடாது என்று பல காப்புறுதி ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். நவம்பரில் வடக்கே உறைபனி விழத் தொடங்கிவிடும். ஆகவே ஒரே சில வாரங்களுக்குள் எல்லாரும் வரிசையாகச் செல்கிறார்கள். நம்மிடம் அப்படி விரட்டும் குளிர் இல்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றும் வாடை என்னும் வடகிழக்குக் காற்றும் ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையே இங்கே படகுகளுக்கு உகந்த காலம். அக்காலத்தில் அமெரிக்கப் படகுகள் வடக்கே திரும்பத் தொடங்கியிருக்கும். அவர்களின் வழக்கத்தை அப்படியே எடுத்து இங்கே நட்டுவிட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

கட்டுரையில் இல்லாமற்போன பகுதிக்கு வருகிறேன். அந்த நீர்வழியின் அடித்தளத்தைத் தூர்வாருவது அமெரிக்க இராணுவத்தின் பொறியியற் படைப்பிரிவு. நோர்போக்கிலிருந்து புளோரிடாவின் போட் பியர்ஸ் வரை 12 அடி, அங்கிருந்து மியாமி வரை 10 அடி, அதற்குத் தெற்கே 7 அடி என்று சட்டப்படி ஆழம் வகுத்திருக்கிறார்கள். வகுத்த ஆழம் எங்கும் இருப்பதில்லை. கடல்வாய்கள் குறுக்கிடும் இடங்களிலும், ஜோர்ஜியாவின் சவன்னாவுக்குத் தெற்கே ஹெல் கேற் என்னும் வெட்டிலும் மணல் மீண்டும் மீண்டும் வந்து அடைக்கும். தூர்வாரும் பணம் அவ்வழியே செல்லும் சரக்கின் அளவைப் பார்த்தே பெரிதும் ஒதுக்கப்படுவதால், சரக்குக் கலங்களும் தெப்பங்களும் குறைந்த பகுதிகளில் பணமும் குறைந்துபோயிற்று. உல்லாசப் படகுகள் ஆயிரக்கணக்கில் போயும் அந்த ஓட்டையை அடைக்க முடியவில்லை. 2016 இல் மத்தியூ சூறாவளிக்குப் பின் டிஸ்மல் சதுப்புக் கால்வாயே நீண்ட காலம் மூடிக் கிடந்தது. அவ்வளவு பணமுள்ள நாட்டின் நிலை இது.

குறிகளைப் பராமரிப்பது கரையோரக் காவற்படை. தெற்கே செல்லும்போது மஞ்சள் முக்கோணம் இட்ட குறியை வலக்கைப் பக்கத்திலும், மஞ்சள் சதுரம் இட்டதை இடக்கைப் பக்கத்திலும் விடவேண்டும். ஆற்று முகங்களில் சிவப்பும் பச்சையும் இடம்மாறினாலும் மஞ்சள் குறி மாறாது. மணற்திட்டு நகர்ந்தால் மிதவையையும் நகர்த்தி, அதை மாலுமிகளுக்கு அறிவிக்கிறார்கள். நிலையான பாலங்களுக்கு 65 அடி உயரம் என்பது பொதுவிதி. மியாமியில் ஒரு பாலம் மட்டும் 56 அடியில் நிற்பதால், உயர்ந்த பாய்மரம் உள்ளவர்கள் அந்த இடத்தில் வெளிக்கடலுக்குப் போய்த்தான் வரவேண்டும். தாழ்ந்த பாலங்கள் நேர அட்டவணைப்படியோ வானொலியில் கேட்டதும் உடனடியாகவோ திறக்கும். வட கரோலைனாவில் லெஜூன் என்னும் மரைன் படைமுகாமுக்கு அருகே துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் நாட்களில் நீர்வழியையே மூடுகிறார்கள். ஆனால் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்பதை முன்கூட்டியே அறிவித்து, காவற்படகு நிறுத்தி வைக்கிறார்கள். கடலுக்குப் போகலாமா கூடாதா என்று துறையில் நின்று காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதால், அந்த அறிவித்தலைப் பார்த்தபோது எனக்கு உண்டான எண்ணங்களை இங்கே விரிக்க விரும்பவில்லை.

கழிவுநீரைப் பற்றி எழுதுவது பண்பில்லை என்று நினைத்தோ என்னவோ கட்டுரையாளர் தொடவில்லை. ஆனால் இதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. கரையிலிருந்து மூன்று மைலுக்குள் சுத்திகரிக்காத மலக்கழிவைக் கடலில் விடுவது அங்கே குற்றம். படகுக்குள்ளே தாங்கி வைத்து, நிறைந்ததும் துறையில் உள்ள உறிஞ்சு குழாயிலோ வந்து எடுக்கும் படகிலோ ஒப்படைக்கவேண்டும். அந்த வசதிகளை அமைக்க மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுப்பதற்கென்றே 1992 இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். புளோரிடாவின் தென்கோடித் தீவுகளைச் சூழ்ந்த கடலில் சுத்திகரித்த கழிவையும் விடக் கூடாது. நம் பரவைக்கடலோ கிழக்கே ஏறத்தாழ மூடுண்டு, மேற்கே மட்டும் பாக்கு நீரிணையோடு கலக்கும், பெரும்பாலும் ஒரு பாக (ஆறு அடி) ஆழம்கூடத் தேறாத நீர்ப்பரப்பு. அதில் நீர் புதிதாக மாறுவது மெதுவாகவே. இறாலும் நண்டும் சாதாளை எனப்படும் கடற்புல் பற்றைகளுக்குள் வளர்வதும், அவற்றை நம்பிக் குருநகரிலிருந்து பூநகரி வரை குடும்பங்கள் வாழ்வதும் அதே நீரில்தான். அங்கே கழிவுத் தாங்கியை உறிஞ்சும் துறை ஒன்றுகூட அமைக்காமல் படகுவீடுகளுக்கு அழைப்பு விடுப்பது, வீட்டுக் கிணற்றடியில் விருந்தினருக்குக் கழிப்பறை காட்டுவதற்குச் சமம்.

ஆழம் பற்றியும் ஒன்று. அந்நாட்டு நீர்வழியில் மக்கள் வாழும் பாய்ப்படகுகளுக்கு நீருக்குக் கீழே ஐந்து ஆறு அடி வேண்டும். இரட்டையுடற் படகாயின் மூன்று நான்கு அடி போதும். நம் கடனீரேரியில் மீனவர் மரக்கோலைத் தரையில் ஊன்றித் தள்ளிச் செல்லும் இடங்கள் எவ்வளவு உண்டு என்பதைக் கரையில் நிற்கும் எவரும் சொல்வார். மேலும், பண்ணையிலும் பொன்னாலையிலும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலும் உள்ள தாம்போதிகள், அதாவது கடலை ஊடறுத்துப் போட்ட அணைவீதிகள், தீவுகளை இணைத்த நன்மையோடு நீர்வழியைத் துண்டாடியும் விட்டன. அவற்றின் சிறு பாலக்கண்கள் வழியே சிறு வள்ளம் போகலாம். பாய்மரம் நிமிர்ந்த படகு போகாது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே இன்றும் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில்தான் கடக்கிறோம் என்பதால் அந்த வாய் திறந்திருக்கிறது. கடற்கோட்டையைக் கடந்து வரும் வெளிநாட்டுப் படகுக்கு ஊர்காவற்றுறையோடு பயணம் முடிந்துவிடும். 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் அமைத்தபோது, அதன் கீழே எவ்வளவு உயரமான கலம் போகலாம் என்பதைப் பொதுமக்கள் அறியும்படி யாரும் எழுதிவைக்கவில்லை. நான் தேடிய அளவில் கண்டதுமில்லை.

இவற்றோடு இப்போது கடலட்டைப் பண்ணைகள் சேர்ந்திருக்கின்றன. கம்பு நட்டு வலைகட்டி வளைத்த பரப்புகள் பல இடங்களில் வள்ளங்கள் வழக்கமாகப் போகும் ஓடைகளுக்குக் குறுக்கே வந்துவிட்டன என்று மீனவர் சங்கங்கள் பல தடவை முறையிட்டுள்ளன. பண்ணை வேண்டாம் என்பது என் கருத்தன்று. அதனாலும் சிலருக்குத் தொழில் உண்டு. ஆனால் நீர்ப்பரப்பைப் பங்கிடுவதற்கு முன், வள்ளம் போகும் வழி எது என்று வரைபடத்தில் கோடு கீறி, அதை எவருக்கும் குத்தகைக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவைப்பது எந்த நாட்டிலும் முதல் வேலை. வடமராட்சிக் கரையில் ‘வான்’ எனப்படும், வள்ளங்கள் கரைக்கு வரும் கடல்வழி அடைந்துவிட்டால் மீனவர் கூடிப் பேசி ஆழப்படுத்தக் கேட்பது வழக்கம். கடனீரேரிக்கும் அந்த முறைதான் பொருந்தும்: வானை அறிந்தவர்கள் மரக்கோல் பிடிப்பவர்கள்.

கரையோர நீர்வழி நமக்குப் புதிதென்று எவரும் எண்ணவேண்டாம். ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் புத்தளத்திலிருந்து கொழும்பு நோக்கிச் சென்றது. நீர்கொழும்புக்குத் தெற்கே ஆங்கிலேயர் 1804 இல் முடித்த ஹமில்டன் கால்வாய் இன்றும் உண்டு. கடலுக்கு அப்பால், 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக நீட்டப்பட்ட பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு காலத்தில் உப்பும் விறகும் தோணிகளில் சென்றன. இப்போது சென்னை நகருக்குள் அது சாக்கடையாக ஓட, அதற்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. வெட்டியவர் திறமையில் குறைவில்லை, பின்வந்தவர் காக்கவில்லை. கலத்தில் வாழ்வதும் எங்களுக்குப் புதிதன்று. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, நம்மவர் மாலுமிகளாக இருந்து மாதக்கணக்கில் அதிலேயே உண்டு உறங்கி, 1938 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தண்டையல் எனப்பட்ட கப்பல் தலைவரும் மாலுமிகளும் பர்மாவுக்கும் காக்கிநாடாவுக்கும் போய்வந்த காலத்தில் அதை உல்லாசம் என்று எவரும் அழைக்கவில்லை.

ஆகவே எனது வேண்டுகோள் விருந்தினரை நிறுத்துவதற்கன்று. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் எழுவைதீவுக்கும் நாள்தோறும் போகும் பயணிகள் படகுகள் இன்றும் ஓட்டியின் அனுபவத்தையும், மீனவர் நட்ட கம்புகளையும் நம்பியே செல்கின்றன. காற்று எழும்பினால் சேவை நிற்கிறது. நோயாளி கரையில் காத்திருக்கிறார். முதலில் அந்த வழிகளை அளந்து, இரவிலும் தெரியும் மிதவைகள் இட்டு, ஆழமும் பாலங்களின் உயரமும் குறித்த வரைபடத்தைத் தமிழில் குறிகட்டுவான் துறையிலும் ஊர்காவற்றுறையிலும் பெரிதாகத் தொங்கவிடவேண்டும். தாம்போதிகளை இனிமேல் திருத்தியமைக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணையாவது அகலமாகவும் உயரமாகவும் விட்டால், வள்ளங்களுக்கும் வழி கிடைக்கும், அடைபட்ட நீரும் ஓடும். அது பொறியியலாளர் மேசையில் இருக்கும்போது செய்தால் செலவு சிறிது. கட்டி முடித்த பின் கேட்டால் எவரும் உடைத்துத் தரமாட்டார்கள். இத்தனையும் தீவகத்து மக்களுக்கே வேண்டியவை. இவை இருக்கும் கடலுக்கு வெளிநாட்டுப் படகுகளை அழைத்து விளம்பரம் செய்யவேண்டிய தேவையும் இராது. படகில் வாழ்பவர்கள் நல்ல நங்கூரத்துறையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வேகத்தை நான் கண்டிருக்கிறேன்.

கடற்றொழில், வீதி அபிவிருத்தி, துறைமுகம் என்று பல திணைக்களங்களின் கையில் இந்த ஒரே நீர் பிரிந்து கிடப்பதால், அளவீட்டை யார் தொடங்குவது என்பதில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க இடமுண்டு. தங்கள் பத்திரிகையின் செய்தியாளர் எவராவது அவர்களிடம் இதை நேரே கேட்டு, கிடைக்கும் பதிலைப் பிரசுரிப்பாராயின், தீவகத்தில் பலரும் நன்றியுடன் வாசிப்பார்கள். கடலை அளப்பதற்கு உகந்த காலம் சோளகம் தணிந்து வாடை எழுமுன் உள்ள சில வாரங்கள் என்பதையும் அவர் கேட்கும்போது நினைவூட்டலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கப்பற் பொறியியலாளர் ஒருவர்,
ஊர்காவற்றுறை.